மேற்குச் சுவர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். தையல் மெஷினும் நலம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது. பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு மாற்றலாகிப் போன பிறகு உன் கடிதம் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. போனில் பேசலாமே என்பாய். போனில் பாதி நேரம் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே போய்விடுகிறது. காகிதம் என்றால் வேண்டும்போது எடுத்து மறுபடி படிக்கலாம். ஊரே உன்னைப் பார்த்து “ஸ்தோத்திரம் சாமி” என்று கை குவிக்கட்டும். நான் சொல்லமாட்டேன். பெற்ற எனக்கு நீ தம்பிதான்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். நீங்கள் பாப்பரசரானால் எதை மாற்றுவீர்கள் என்று கேள்வி. உங்கள் ஆயர் இல்லத்து வேலைதானே இது? எங்கள் பெஞ்சில் ஒரே சிரிப்பு. பஸ் ஓட்டுகிறவர், “பிரசங்கம் பத்து நிமிஷத்தைத் தாண்டினா மைக்கைப் பிடுங்கிடுவேன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். பெண்களும் பூசை வைக்கட்டும் என்று நர்ஸ் எழுதினாள். கடைசி பெஞ்சு டீச்சரைத் தெரியுமல்லவா, புருஷன் விட்டுப் போனபின் இன்னொருவரைக் கட்டியவள், அதனால் கோயில் விதிப்படி பதினாறு வருஷமாக நற்கருணை அப்பம் வாங்க எழுந்திருக்காதவள். அவள் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

நானும் ஒரு வரி எழுதினேன். என்னவென்று சொல்லமாட்டேன். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று பங்குக் கோயில் அலுவலகத்திலேயே எல்லாவற்றையும் டைப் அடித்து அனுப்புகிறார்களாம். அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா


மார்ச் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபிக்காதீர்கள், தலைக்கு மேல் வேலை. நீங்கள் சொன்ன அந்தத் தாள்களை எல்லாம் படித்துப் பிரிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பிள்ளைதான். அறுபத்து மூன்று பங்குக் கோயில்களின் பதில்களும் என் மேஜையில்தான் இருக்கின்றன. வழிபாடு, திருமணம், குருக்கள், பெண்கள், இளையோர் என்று ஐந்து தட்டுகள் வைத்திருக்கிறேன். எதிலும் சேராதது ஆறாவது தட்டுக்குப் போகும். அங்கிருந்து சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிவிடுவேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நம் பங்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவரை இடிப்பேன்.” அவ்வளவுதான், ஒரே வரி. யாரோ திருத்தந்தையைக் கொத்தனார் என்று நினைத்துவிட்டார்! விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனாலும் கடமை தவறவில்லை. கட்டிடப் பிரிவுக்கு அனுப்பினேன். பொறியாளர் போய்ப் பார்த்தால், சுவர் நிஜமாகவே சாய்ந்திருக்கிறதாம். அஸ்திவாரத்தை அகலப்படுத்திப் புதிதாகக் கட்ட ஏற்பாடாகிறது. திருச்சபை மக்கள் பேச்சுக்குக் காது கொடுப்பதில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது!

நீங்கள் எழுதிய வரி இந்தக் குவியலில் எங்கோ இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவேன், பாருங்கள்.

அன்பு மகன்


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

அந்த வரி என்னுடையதுதான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அந்த வேலையை நிறுத்து. சுவர் சாய்ந்தே கிடக்கட்டும். அஸ்திவாரம் தோண்டக் கூடாது. ஏன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உன் அப்பாவும் நானும்கூட எங்களுக்குள் ஒரு தடவைதான் பேசினோம்.

உனக்கு ஒரு அக்கா இருந்தாள். நம் பின்னறையில், மாதம் நிறையாமல் பிறந்தாள். வண்டி பிடித்து வருகிறேன் என்று மருத்துவச்சி ஓடினாள். சாமியாரைக் கூப்பிட அப்பா ஓடினார். நானும் அவளும் மட்டும் இருந்தோம். கால் மணி நேரம் மூச்சு விட்டாள். கட்டில் பக்கத்து முக்காலியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. எனக்குத் தொண்டை வறண்டது. எடுத்துக் குடித்துவிட்டேன்.

சாமியார் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்றார். மேற்குச் சுவரை ஒட்டி வெளியே, வாய்க்கால் ஓரம், அப்பாவே குழி தோண்டினார். நூல்கண்டு வந்த அட்டைப் பெட்டி, நான் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சாட்டின் துணி, அவ்வளவுதான் அவளுக்கு. அடையாளத்துக்குக் கைப்பிடி உடைந்த நம் இஸ்திரிப் பெட்டியை மேலே பதித்தார். யாரும் எடுக்கமாட்டார்கள், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றார்.

நீ குருமடத்தில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்தாய். சாப்பிட்டுக்கொண்டே, “ஆபத்து நேரத்துல யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்மா, கொஞ்சம் தண்ணி போதும்” என்று பெருமையாகச் சொன்னாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். உப்பு எடுக்கப் போனேன் என்று நினைத்திருப்பாய்.

வருஷா வருஷம் கல்லறை மந்திரிக்க வரும் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அந்தச் சுவர் வரைக்கும் வருவார், திரும்பிவிடுவார். எல்லோரும் போனபின் நான் வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போவேன்.

அவளைத் தோண்டி எடுக்க வேண்டாம் தம்பி. சுவர் போய்விட்டால் அவள் இருந்த இடத்திலேயே உள்ளே வந்துவிடுவாள். பாப்பரசரிடம் நான் கேட்டது அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால் இருந்தபடி விட்டுவிடுங்கள்.

உடனே செய்.

அம்மா


ஏப்ரல் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

மன்னியுங்கள். எட்டு நாள் மௌனத் தியானத்தில் இருந்தேன். அந்த நாட்களில் தபால் தரமாட்டார்கள். பிறகு புனித வாரம். நேற்றுத்தான் படித்தேன். இரவு முழுக்கத் தூங்கவில்லை. இத்தனை வருஷம் இதைத் தனியாகச் சுமந்தீர்களே அம்மா.

ஒன்று சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அந்த விதி இப்போது இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து உள்ளேயே அடக்கம் செய்கிறோம். அது மாறிப் பல வருஷமாகிறது. அக்கா இறைவனிடம் இருக்கிறாள். சுவர் அவளைத் தடுக்காது.

வேலையைப் பற்றி விசாரித்தேன். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அடுத்த வாரம் தொடங்குகிறார்கள். அந்தப் பக்கம் கவனமாக வேலை செய்யும்படி பங்குச் சாமியாருக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். காரணம் எழுதவில்லை. ஆயரின் செயலர் தன் வீட்டு விஷயத்துக்காக வேலையை நிறுத்தினார் என்று பேச்சு வரக் கூடாது பாருங்கள். நீங்கள் அவரிடம் முறைப்படி ஒரு மனு கொடுங்கள். மேலே வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு மகன்


மே 8

தம்பிக்கு,

உன் கடிதம் என் கைக்கு வந்த அன்று காலையிலேயே கடப்பாறை விழுந்துவிட்டது. மனு எழுத நேரமில்லை. உன் கடிதத்தையே கையில் பிடித்துக்கொண்டு போனேன். முழங்கால் வாய்க்கால் மேட்டில் ஏறவில்லை, உட்கார்ந்து தவழ்ந்து ஏறினேன். அதற்குள் வெளிப்பக்கம் மூன்றடி அகலத்துக்குத் தோண்டி முடித்திருந்தார்கள்.

கொத்தனார் நல்லவர். “கவனமா செய்யணும்னு சாமி சொன்னாரும்மா, அதான் நூல் பிடிச்சு நேரா வெட்டியிருக்கோம்” என்றார். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மண்ணை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் பள்ளம் நிரப்ப லாரியில் அனுப்பிவிட்டார்களாம். மூன்று நடை. எந்த நடையில் போனாள் என்று தெரியவில்லை.

மைதானத்துக்கும் போனேன். மண்ணைப் பரப்பிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் குனிந்து அரை மணி நேரம் தேடினேன். “பாட்டி, எதைத் தொலைச்சீங்க?” என்று ஒரு சிறுமி கூடவே தேடினாள்.

இஸ்திரிப் பெட்டி பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. குழி வெட்டுகிறவர் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சுவர் முடிந்துவிட்டது. முன்னைவிட இரண்டடி உயரம். கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்: “மக்களின் விருப்பத்துக்குச் செவிசாய்த்து.” அது உன் நடைதானே? படித்ததும் தெரிந்தது.

விதி மாறிப் பல வருஷமாகிறது என்று எழுதியிருந்தாய். என் கதவைத் தட்டி யாரும் சொல்லவில்லையே தம்பி. ஒவ்வொரு ஞாயிறும் கண்ணெதிரே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தேன். நீயும் ஒன்பது வருஷமாகச் சாமியார். ஒருவர்கூட அந்தச் சுவரின் மறுபக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை. நான்கூட உன்னிடம் வாய் திறக்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் தெரிந்த பிறகு நீ செய்தது உன்னுடையது.

நான் செத்தால் அப்பா பக்கத்தில் வைக்காதீர்கள். அவர் கோபிக்கமாட்டார். சுவருக்கு வெளியே வையுங்கள். அவள் அங்கே இல்லை என்று தெரியும். இருந்தாலும் அது அவள் இடம்.

அம்மா


ஜூன் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். போனையும் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். பக்கத்து வீட்டில் கேட்டேன், மெஷின் சத்தம் கேட்கிறது என்றார்கள். அந்த ஒரு ஆறுதல்.

நான் கோழை அம்மா. ஒரு போன் போட்டிருந்தால் வேலை நின்றிருக்கும். என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன். உங்கள் வரியைக் கட்டிடப் பிரிவிலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியவில்லை. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

இப்போது என்னால் முடிந்ததைச் செய்கிறேன். அவளுக்காகப் பூசை வைக்கிறேன். பங்குப் பதிவேட்டில் அவளைச் சேர்க்க ஆயரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், காரணத்தைச் சொல்லியே வாங்கினேன். அதற்குப் பெயர் வேண்டும். அக்காவுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

அன்பு மகன்


ஜூன் 29

ஸ்தோத்திரம் சாமி.

தங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் வைத்திருந்தேன். அந்தக் கால் மணி நேரமும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். தங்களிடம் சொன்னால் எழுதி, ஒரு தட்டில் வைப்பீர்கள். அங்கிருந்து எங்கே போகும் என்று தங்களுக்கும் தெரியாது.

அது என்னோடு இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா