இடப்பக்கம் முறுக்கிய கம்பி

பாண் ரொட்டிக்கு வரிசை நின்றோமே, அந்த வருடம் அது. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு தின்றோம். அரிசி மூட்டையோடு மாவட்டம் தாண்டினால் பொலிஸ் பஸ்ஸை விட்டு இறக்கியது. கப்பலில் மோட்டார்ச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. இலக்கத்தில் எந்த வருடம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் பெரிய மகள் பிறந்து நாற்பது நாள், நீ அவளுக்கு ஞானத்தகப்பனாகி ஒரு கிழமை. அந்த வருடம் மூடிய கியர்பொக்ஸ் ஒன்றை நேற்றுத் திறந்தேன், மச்சான்.

மூடியைத் தூக்கியதும் அந்த நாற்றம். ஐம்பது வருடமாக மாற்றாமல் கிடந்த எண்ணெய் பாணி போல இறுகிக் கந்தகம் மணத்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். லீவரை அசைத்தால் உள்ளே இரும்புக் கவட்டை ஒன்று கியரைத் தள்ளும். அந்தக் கவட்டையை அதன் தண்டோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு போல்ட். போல்ட் கழன்றுவிடாதபடி அதன் தலையிலுள்ள துளையில் கம்பி கோத்து முறுக்கிக் கட்டுவோம். உனக்குத் தெரிந்ததுதான். எழுதுகிறவளுக்கு விளங்க வேண்டுமே என்று சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாததால் உன் ஞானமகள்தான் எழுதுகிறாள்.

மூன்று போல்ட்டிலும் கம்பி இருந்தது. இரண்டு வலப்பக்கம் முறுக்கியவை. அவை என் கை. மூன்றாம் கியரைத் தள்ளும் கவட்டையில் இருந்தது மட்டும் இடப்பக்கம் முறுக்கியிருந்தது. மருதானையில் நம் கராஜில் இடக்கையால் குறடு பிடித்தவன் நீ ஒருவன்தான். விளக்கைக் கிட்டப் பிடித்து மறுபடி பார்த்தேன்.

கார் யாருடையது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். வெள்ளவத்தைச் சர்வேயர் ஐயாவின் சாம்பல் நிறக் கார். ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத் தகடு கூட அப்படியே இருக்கிறது. விபத்துக்குப் பிறகு முன்பக்கத்தை மட்டும் தட்டி நிமிர்த்தி, வீட்டுக் கொட்டிலில் கல்லின்மேல் ஏற்றிவைத்தவர், சாகும்வரை அதை யாரையும் தொடவிடவில்லை. அன்று பின் சீற்றில் இருந்த மகளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தொடர்மாடி கட்டுகிறவர்களுக்குக் காணியைக் கொடுக்கப்போகிறாள். காரைக் கொடுக்க மனமில்லை. எஞ்சினை யாரோ உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். காலி வீதியில் ஓட்டிப் பார்த்தால், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்ததும் மூன்றாம் கியர் குதித்து வெளியே வருகிறது. தெமட்டகொடையில் என் வெல்டிங் கடையைத் தேடிக்கொண்டு அவளே வந்தாள்.

"நான் கியர்பொக்ஸ் தொட்டு அம்பது வருசம்மா. வேற ஆளப் பாருங்க."

"அப்பா உங்களத்தான் சொன்னவர், அங்கிள். 'பிழை செய்தால் முகத்துக்கு நேரே வந்து சொல்லுற ஆள் அவர் ஒருத்தர்தான், கார் எப்பவாவது ஓடுறதெண்டால் அவரிட்டக் குடு' எண்டு."

"அவருக்குக் கால் போனதே என்னாலதானேம்மா."

"ஓம். அதாலதான் உங்களட்ட வந்தனான். இந்த முறை மறக்க மாட்டீங்கள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஐம்பது வருடத்தில் அப்படி எத்தனை சிரிப்பு வாங்கியிருப்பேன்.

அந்தக் கார் முதலில் நம்மிடம் வந்த கிழமை எனக்கு நாள் நாளாக ஞாபகம் இருக்கிறது. சர்வேயர் ஐயா அளவை வேலைக்கு மலைநாடெல்லாம் போகிறவர். இறக்கத்தில் மூன்றாம் கியரில் காலை எடுத்தால் லீவர் தானாகக் கழன்று நடுவில் வந்து நிற்கிறது, கார் பிடியில்லாமல் உருள்கிறது என்றார். எஞ்சினைத் தாங்கும் றப்பரை மாற்றினோம். போகவில்லை. லீவரின் அடிப் புஷ்ஷை மாற்றினோம். அப்போதும் போகவில்லை. நீ அட்டை கிழிந்த புத்தகத்தை விரித்து, இங்கிலிஷில் வாசித்து, தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் காரை ஜம்பட்டா வீதி இறக்கத்துக்கு எடுத்துப் போனேன். உள்ளங்கையை லீவரின் மேல் சும்மா வைத்துக்கொண்டு காலை எடுத்தேன். குதிக்கும் முன்னால் அது இரண்டு தரம் நடுங்கியது.

"ஸ்பிரிங் செத்திருச்சு" என்றேன் வந்து. "தண்ட பள்ளத்துல அமுக்கிப் பிடிக்கிற குண்டு இருக்கில்ல, அதுக்குப் பின்னால உள்ள ஸ்பிரிங்."

நீ புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். "நாலு பக்கம் எழுதியிருக்கான் மச்சான். நீ உள்ளங்கையில வாசிச்சிட்டு வந்து நிக்கிற."

"பீச்சாங்கைக்காரனுக்கு வாசிக்கத் தெரிஞ்சதே பெரிசு."

எண்ணெய்த் துணியைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தாய். சந்தோஷமாக இருந்தோம்.

பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் அலைந்தேன். நொறுங்கிய ஒரு காரின் வயிற்றிலிருந்து உயிருள்ள ஸ்பிரிங் ஒன்றை எடுத்தேன். அந்த வகைக் காருக்கு எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதைப் போடுவதென்றால் போல்ட்டைக் கழற்றித் தண்டையே வெளியே இழுக்க வேண்டும். சனி மத்தியானம் போட்டு, கம்பி கட்டி, மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல். சர்வேயர் ஐயா திங்கள்தான் வருவதாக இருந்தது.

சாமான் இல்லாத அந்தக் காலத்தில் ஒரு காரில் கழற்றி இன்னொன்றில் போட்டுவிட்டுப் பிறகு திருப்பிப் போடுவது எல்லாக் கராஜிலும் நடந்தது. இரவல் என்போம். நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் நம் கராஜில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. இரவல் கொடுத்த காரின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருக்கும்வரை அந்தக் காரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. சட்டம் போட்டவன் நீ. "துணி கட்டாம இரவல் எடுக்கிறவன் கொலகாரன்" என்று நீதான் சொல்வாய்.

திங்கள் காலை நான் வந்தபோது நீ வாசலில் நின்றாய்.

"சர்வேயர் ஐயா நேத்து காலையில கார வாங்கிக்கிட்டு சாவீட்டுக்குக் கண்டிக்குப் போயிட்டு வரக்கொள்ள, கடுகண்ணாவ இறக்கத்துல பாறையில அடிச்சிட்டாராம். மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான் கால் நசுங்கிப் போச்சு. கியர் குதிச்சிச்சாம்."

"நல்ல ஸ்பிரிங் போட்டேனேடா!"

"மூணாவது போல்ட்டுக்குக் கம்பி கட்டினியா?"

"கட்டினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மேசையக் கூட்டினது நான். வெட்டின கம்பி நுனி ரெண்டுதான் கிடந்திச்சு."

மூன்று கம்பி கட்டினால் மூன்று நுனி வெட்டி விழ வேண்டும். அது எனக்கும் தெரியும். ஒரு நுனி பெருவிரலில் குத்தியதும், இரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சியதும் ஞாபகம் இருந்தது. அது இரண்டாவதா மூன்றாவதா? கட்டினேன் என்று விரல் சொன்னது. இல்லை என்று நீ சொன்னாய். நான் விரலை விட்டுவிட்டு உன்னை நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்கு நீயும் வந்தாய். தோடம்பழப் பை உன் கையில் இருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஐயா, என் கைதான். கம்பி கட்ட மறந்திட்டேன்."

அவர் சொன்னார். "நீர் வந்து சொன்னீரே, எத்தனை பேர் சொல்லுவினம்? என்னிலயும் பிழை இருக்கு. உம்மட கூட்டாளி கார்த் திறப்பைத் தரேக்க 'திங்கள்தானே ஐயா' எண்டு கொஞ்சம் தயங்கினவர். நான்தான் அவசரப்படுத்தினனான்."

நீ தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினாய். சுளை சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரைக்கூட எடுத்து, அவர் கையில் கொடுத்தாய். உன் நல்ல மனசை நினைத்து என் கண் கலங்கியது.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டாய். "எல்லாருக்கும் மறதி வரும் மச்சான். மனசுல வச்சிக்காத."

வைத்துக்கொண்டேன். கியர்பொக்ஸ் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு உன்னை விட்டுப் பிரிந்து தெமட்டகொடையில் இரும்பு ஒட்டப் போனேன். மருதானையில் கியர்பொக்ஸ் என்றால் உன் பெயர் என்றாயிற்று. என்னைப் பற்றிக் கேட்டவர்களிடம் "பாவம், நல்ல கை, ஞாபகம்தான் கொஞ்சம்" என்று சொல்வாய் என்று எனக்குக் காதில் விழும். நான் கோபப்படவில்லை. உண்மைதானே என்றிருந்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஊரில் யார் எந்த நாளில் என்ன உடுப்புப் போட்டு வந்தார்கள் என்று சொல்லக்கூடிய நான், என் கையை மட்டும் நம்பாமல் கிழவனானேன்.

கலவரத்தில் உன் கராஜ் எரிந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே அகதி முகாமில் கிடந்தோம். உன் பாய்க்குப் பக்கத்தில் என் பாய். இனி உயிர் மிஞ்சாது என்று நினைத்து உன் பாவமெல்லாம் என்னிடம் சொன்னாய். தகப்பனைக் கை நீட்டி அடித்ததைச் சொன்னாய். மட்டக்குளியில் மனைவிக்குத் தெரியாமல் இருந்த பழக்கத்தைச் சொன்னாய். எழுதுகிறவள் நிமிர்ந்து பார்க்கிறாள், எழுது மகளே. எட்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாய். இதைச் சொல்லவில்லை.

போன வருடம், உன் கடைசி மாதத்தில், என் கையைப் பிடித்து அழுதாய். "என்னாடா?" என்றேன். "ஒண்ணுமில்ல மச்சான்" என்றாய். நோவுக்கு அழுகிறாய் என்று எண்ணி நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். மாதம்பிட்டிக் கல்லறைத் தோட்டத்தில் உன் பெட்டியை இறக்கும்போது முன்பக்கம் பிடித்தவன் நான்.

நேற்றுத் தண்டை வெளியே இழுத்தேன். உள்ளே இருந்தது நான் போட்ட ஸ்பிரிங் இல்லை. பழைய, செத்த ஸ்பிரிங். அதற்கு உசரம் காட்ட, பின்னால் தகரத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தாய். பார்த்ததும் அந்தச் சனிக்கிழமை முழுதாகத் திரும்பி வந்தது. அதே வகைக் கறுப்புக் கார் ஒன்று நம் கராஜில் நின்றது. புறக்கோட்டை முதலாளி வீட்டு மாப்பிள்ளைக் கார். அதற்கும் மூன்றாம் கியர் குதித்தது. ஞாயிறு கலியாணம். பிறகொரு நாள் அது எப்படி ஓடியது என்று கேட்டேன். "ஸ்பிரிங்க இழுத்து நீட்டி விட்டேன், ஓடிரிச்சு" என்றாய்.

என் ஸ்பிரிங்கை அந்தக் காருக்கு இரவல் எடுத்துவிட்டு, திங்கள் காலைக்குள் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பாய். அது எனக்கு விளங்குகிறது. துணி கட்டினால் நான் கேள்வி கேட்பேன் என்று கட்டாமல் விட்டிருப்பாய். அதுவும் விளங்குகிறது. ஞாயிறு காலை சர்வேயர் ஐயா கை நீட்டியபோது 'கார் சரியில்லை ஐயா' என்று நீ சொல்லவில்லை. பயம். அதைக்கூட என்றாவது மன்னிப்பேனோ என்னவோ. ஆனால் அந்த இரண்டு நுனி, மச்சான். அதை யோசித்துச் செய்தாய். புத்தகம் பார்க்கத் தெரியாதவனுக்கு ஞாபகம் ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்து அதிலே கை வைத்தாய்.

மகள் பேனையை வைத்துவிட்டாள். "அப்பா, உங்களுக்கு ஒப்பரேஷன் நேரம் ரத்தம் குடுத்தது அவர்தானே."

"அதையும் எழுது" என்றேன். எழுதிவிட்டாள்.

வேறொரு ஸ்பிரிங் தேடி நேற்று இரவே போட்டுவிட்டேன். மூன்றாம் கியர் இப்போது இறக்கத்தில் அசையாமல் நிற்கிறது. இன்று காலை சர்வேயர் ஐயாவின் மகள் போன் எடுத்தாள்.

"என்ன பிழை, அங்கிள்?"

"ஸ்பிரிங் பழசும்மா."

"அப்ப அந்தக் கம்பி? அப்பா சொல்லுற கம்பி?"

"நாளைக்கு வாங்க, கதைப்போம்" என்று வைத்துவிட்டேன்.

சொன்னால் உன் பெயர் போகும். மாதம்பிட்டிக்குப் போன பிறகு அது உனக்கு எதற்கு என்று நினைக்கிறேன். அடுத்த நிமிடம் நீ என் பிள்ளையைத் ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி நின்றது ஞாபகம் வருகிறது. சொல்லாவிட்டால், நான் செய்யாத பிழைக்கு அந்த மனிதர் தந்த மன்னிப்பை நான் சாகும்வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அது எனக்கு உரியதல்ல. உனக்காக நான் கேட்டு வாங்கியது. நீ ஒரு நாளும் போய்க் கேட்காதது. ஐம்பது வருடம் சுமந்துவிட்டேன், இனி முடியாது.

நாளை அவள் வரும்போது இந்தக் கடிதத்தை மகள் அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். உன் கல்லறைக்குக் கொண்டுவரப்போவதில்லை. சர்வேயர் ஐயா இல்லை. அன்று முன் சீற்றில் இருந்த அவர் மனைவியும் இப்போது இல்லை. மாப்பிள்ளைக் கார் முதலாளி இல்லை. நீயும் இல்லை. அன்று அந்தக் காரில் கண்டியிலிருந்து இறங்கி வந்தவர்களில், இதைக் கேட்பதற்கு உயிரோடு மிச்சம் இருப்பது பின் சீற்றில் இருந்த மகள் ஒருத்திதான். பெயர் சாந்தினி.