அறுப்பதற்கு முன் ஒரு படம்

எங்களைப் பெற்றவளே, அம்மா,

அன்றைக்கு உன் வயிற்றைக் கீறுவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால், கீறாமலே விட்டிருப்பார்களா? டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. வயித்துச் சவ்வுல கடுகு மாதிரி ஒட்டியிருக்கறது படத்துல தெரியாமலும் போகும்" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

உனக்கு நடந்ததைத் தெருவில் ஒரே வரியில் சொல்லி முடித்தார்கள். "தொறந்து பாத்தாவ, மூடிட்டாவ." ஏதோ பெட்டியைச் சொல்வது போல. புற்று குடலை விட்டு எங்கெங்கோ போயிருந்தது. எடுக்க ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பினார்கள். தையல் ஆறுவதற்குள் நீ போய்விட்டாய். உன் கடைசி நாட்களின் வலியில் நோயின் பங்கு எவ்வளவு, கத்தியின் பங்கு எவ்வளவு?

இப்போது கணேசனுக்கு, அம்மா. உன் பிள்ளைக்கு. அதே குடலில்.

ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து, மாதக்கணக்கில் கருணைக்கிழங்கும் மோருமாக ஓட்டியிருக்கிறான். அவன் இன்னமும் ராஜபாளையம் பக்கம் தறியில்தான் இருக்கிறான், ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்துகொண்டு. தறிக்கூடத்துச் சூட்டுக்கு எல்லோருக்கும் வருவதுதான் என்றானாம். சட்டை தொளதொளக்க ஆரம்பித்த பிறகுதான் அவன் பெண்டாட்டி முத்துமாரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எனக்குப் போன் போட்டாள். "மதினி, அவிய நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ. நீங்க வந்து ஒரு சத்தம் போடுங்க." போய்ப் போட்டேன். ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இடப்பக்கக் குடலில் கட்டி. துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுதான்.

உடனே அறுத்து எறிந்துவிட வேண்டும் என்று முத்துமாரி நின்றாள். நானும்தான். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டி குடல் சுவரோட நிக்குதா, வெளிய வந்துருச்சா, பக்கத்து நெறிக்கட்டிக்குப் போயிருக்கா, ஈரல், நுரையீரல் எப்படி இருக்கு? இது தெரியாம நான் கத்தியத் தொட மாட்டேன்." அவர் சொன்னது சரி. சரியான சொல் இத்தனை கொடுமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படம் வரும்வரை இருக்கிற கொஞ்ச நம்பிக்கை, படம் வந்த பிறகு இருக்குமா?

இன்று காலை ஸ்கேன் சென்டருக்குப் போனோம். வெறும் வயிறு, கையில், படம் தெளிவாக விழ மருந்து ஏற்றுவதற்கான ஊசி. அவனை உள்ளே அனுப்பிவிட்டு உட்காரக்கூட இல்லை, கதவு திறந்தது. டெக்னீஷியன் எரிச்சலோடு நின்றார். "இவரு இடுப்புல வெள்ளிக் கொடி கிடக்கு. கழட்டச் சொன்னா மாட்டேங்கறாரு. நீங்களாவது சொல்லுங்க."

நானும் முத்துமாரியும் உள்ளே போனோம். நீ போட்ட அரைஞாண்தான் அம்மா. எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்தவை தங்காமல் போனதால், இவனுக்கு வெள்ளியில் போட்டு, இவன் வளர வளர ஆசாரியிடம் கண்ணி கோத்து நீட்டிக்கொண்டே வந்தாயே, அதேதான்.

"ஏலே, கழட்டு. வெள்ளி குறுக்க கிடந்தா படத்துல கோடு கோடா விழும். கட்டி இருக்க எடமே மறைஞ்சிரும்."

"யக்கா, உசுரோட இருக்கவனுக்கு எவனாச்சும் அருணாக்கொடிய அவுப்பானா? பொணத்துக்குத்தான அவுப்பாவ. எனக்கு வயித்தத் தொறக்கதுக்கு முன்னாடியே முடிச்சிரப் போறியளா?"

முத்துமாரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். எக்ஸ் கதிர் உலோகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று கரும்பலகை நிறைய வரைவேன். ஊசி குத்திய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற தம்பியிடம் அதில் எதைச் சொல்ல? வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன்தான் வாயைத் திறந்தான். "சிஸ்டர், கொஞ்சம் காஸ் துணி கிடைக்குமா? இடுப்பு வெறுமையா இருக்கப்பிடாது, அம்புட்டுத்தான்."

நர்ஸ் டெக்னீஷியனைப் பார்த்தார். "துணின்னா பரவால்ல, கட்டிக்கிட்டு வாங்க" என்றார் அவர்.

கொண்டுவந்த துணியை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான் உன் பிள்ளை. "நம்ம ஊரு துணிதான். இழை எம்புட்டு லூசா கிடக்கு பாரு. ஆப்பரேசன் அன்னைக்கு இதத்தான் என் வயித்துக்குள்ள வைப்பாவ. ஒழுங்கா நெய்ங்கலேன்னு பயலுவகிட்ட சொல்லிட்டு வரணும்." அவன் மட்டும் சிரித்தான்.

"வெள்ளையா கட்டாதிய" என்று முத்துமாரி ஓடிவந்து, பர்ஸில் இருந்த கோயில் குங்குமத்தைத் துணி நெடுகத் தடவினாள். முதலில் துணியைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகே வெள்ளியை அவிழ்த்து என் கையில் தந்தான். அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது. உள்ளே இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. அது நிற்கும்வரை உள்ளங்கையை நான் திறக்கவில்லை.

ரிப்போர்ட் நாளைக்கு. எனக்குக் கோயில் இல்லை, விரதம் இல்லை, அது உனக்கே தெரியும். முத்துமாரிக்கு வேண்டிக்கொள்ள எத்தனையோ சாமி இருக்கிறது. நான் யாரிடம் போவேன்? நீ எங்கேயோ இருக்கிறாய் என்றுகூட நான் நம்பவில்லை. இருந்தும் உன்னிடம்தான் கேட்கிறேன். ஈரலில் மட்டும் எதுவும் இருக்கக் கூடாது, அம்மா. வேறு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அங்கே மட்டும் வேண்டாம். என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று இதோடு நிறுத்தியிருந்தேன், அம்மா. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கட்டி குடல் சுவரைத் தாண்டியிருக்கிறது. பக்கத்து நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றன. நுரையீரல் சுத்தம். ஈரலில் ஒரு புள்ளி. அது பரவியதா, வெறும் நீர்க்கட்டியா என்று இந்தப் படத்தை வைத்து அவரால் சொல்ல முடியவில்லை. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பரவியதுதான் என்றால் முதலில் கீமோ மருந்து ஏற்றிப் பார்த்து, மறுபடி படம் எடுத்து, அறுப்பதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்வார்களாம்.

"அப்ப இப்ப அறுக்கல" என்றான் கணேசன்.

"இப்ப இல்ல."

"சரி" என்றான். முத்துமாரி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு இருந்திருக்கு. தம்பிக்கும் இருக்கு. நீங்க குழாய் விட்டுப் பாத்துட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

கணேசன் நிமிர்ந்தான். "சார், மதுரைக்கு எனக்கு எழுதும்போதே எங்கக்காவுக்கும் சேத்து எழுதிருங்க. தனியா விட்டா வர மாட்டா."

எழுதிவிட்டார். போகிறேன், அம்மா. அவனுடைய படம் என்ன சொன்னாலும் ஒரு சொல் குறைக்காமல் அவனிடம் சொல்வேன். என்னுடையது என்ன சொன்னாலும் அவனிடம்தான் முதலில் சொல்வேன்.

உன் மூத்தவள்,
கணேசனின் அக்கா.