தனித் தம்ளர்

சிங்கப்பெருமாள் கோயில்

அன்பு மகன் ஜெபசிங்குக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே பொழுது ஓடுகிறது, தோஹா வெயிலில் நீ சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் அண்ணி பிரிசில்லா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் புராஸ்டேட் வீங்கி ஒன்றுக்குச் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று சொல்லியிருந்தேன் இல்லையா. டாக்டர் இரண்டு மருந்து கொடுத்திருக்கிறார். ஒன்று மாத்திரை, அதைப் போட்டால் கொஞ்சம் தாராளமாகப் போகிறது, ஆனால் சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. இன்னொன்று எண்ணெய் ரொப்பிய கேப்சூல், வீக்கம் வடிய ஆறு மாதமாவது ஆகுமாம். டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் கூட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. கேப்சூல் தொண்டையில் சிக்குவதால் கத்தரியால் நறுக்கி மோரில் பிழிந்து குடிக்கிறேன். முழுசா முழுங்குங்க மாமா என்று உன் அண்ணி அதட்டினாள், எனக்கே சொல்லிக்கொடுக்கிறாளா என்று காதில் வாங்கவில்லை. அதிலிருந்து என் தம்ளரை அவள் தொடுவதில்லை. ஜன்னலில் தனியாக வைத்திருக்கிறாள், உன் அண்ணன் பெஞ்சமின் வேலை முடிந்து வந்துதான் கழுவுகிறான். மருந்து அட்டையைக்கூடத் துணியால் தள்ளுகிறாள். வேட்டியில் மூத்திர வாடை என்று அருவருப்போ, கிழவன் கிளம்பினால் போதும் என்று நினைப்போ தெரியவில்லை. அச்சரப்பாக்கத்து டீக்கடையில் உன் தாத்தா தனித் தம்ளரில் குடித்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர். அதை என் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்றுதான் நான் படித்து வேலைக்குப் போனேன். இப்போது அது என் வீட்டு ஜன்னலிலேயே இருக்கிறது. காலையில் உன் அத்தை வீட்டுக்குப் போகிறேன், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று பையோடு கேட்டைத் திறந்தவனை உன் அண்ணன் பிடித்து நிறுத்தினான். இன்னா நைனா, அவ மாசமா கீறா, ரெண்டு தபா கலஞ்சி போச்சேன்னு மூணு மாசம் முடியட்டும்னு யாராண்டயும் சொல்லாம இருந்தோம் என்றான். அந்தக் கேப்சூலுக்குள் இருப்பது மாசமாயிருக்கிறவள் மேல் படக் கூடாதாம், வயிற்றில் ஆண் பிள்ளை இருந்தால் அதற்கு ஆகாதாம், மருந்துக்கடையில் சொன்னார்களாம். காரணம் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடுமே என்று அவனே கழுவியிருக்கிறான்.

பையைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் மாசம் என்று தெரிவதற்கு முன்னால் பிரிசில்லாதானே அந்தத் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம், ஸ்கேனும் நன்றாக இருக்கிறதாம். என்னைத் தேற்றத்தான் சொல்கிறானோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இன்று கேப்சூலை முழுசாக விழுங்கினேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. வேலை மும்முரத்தில் ஒன்றுக்கு அடக்காதே, தண்ணீர் நிறையக் குடி. அண்ணியிடம் எதுவும் கேட்டுவிடாதே, பயந்துபோவாள். ராத்திரி ஜெபத்தில் மட்டும் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள், பேர் இல்லாவிட்டாலும் கர்த்தருக்குத் தெரியும். என்னால் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று கேள்.

உன் அப்பா,
மு. ஏசுதாஸ்