வளைந்து தெரிந்த கோடுகள்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே சாரல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. இவர் டெம்போவை எடுத்துக்கொண்டு பாவூர்சத்திரம் மார்க்கெட் போயாச்சு, தக்காளி லோடு. நேற்றைய இட்லி மிச்சம். உதிர்த்துத் தாளித்து டப்பாவில்.

ஆபீசில் கம்ப்யூட்டர் தகராறு. குற்றாலம் ஐந்தருவி ரோட்டு வீட்டுக்குத் தூண் பிளான் போட்டுக்கொண்டிருந்தேன். கோடுகள் நடுவில் நெளிகின்றன. கோடு நேராக மட்டும் போகும்படி ஆர்த்தோவைப் போட்டுத்தான் வரைந்தேன். அப்படியும் நெளிவு.

செய்து பார்த்தது:
– ரீஜென். படத்தைப் புதிதாகக் காட்டும். வட்டம் மூலை மூலையாகத் தெரிந்தால் இது போதும். கோட்டுக்குப் பலனில்லை.
– ஆடிட். ஃபைலுக்குள் பிழை இருந்தால் சொல்லும். ஒன்றுமில்லை என்றது.
– எல்லாவற்றையும் காப்பி எடுத்துப் புது ஃபைலில் ஒட்டினேன். அங்கும் அதே.
– ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். இடையில் ஒரு டீ. டீக்குப் பிறகு கொஞ்சம் தேவலை போல.

ஜெ. சாருக்கு ஆலங்குளத்தில் ஒரு சைட். இந்த ஆபீசில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். இன்ஜினியர் அவர், படம் நான். சாயங்காலம் வந்தார். தூண் பிளானில் கையெழுத்துப் போட்டார். மழை வலுக்கும் முன்னே குழி தோண்ட வேண்டுமாம். பிரிண்டைக் கொத்தனார் வந்து வாங்கிப் போனார்.

தலைவலி.

ஜூன் 12, வியாழன்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பஷீர் வந்தான். கிராபிக்ஸ் டிரைவர் பழசு என்று புதிதாக ஏற்றினான். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பார்த்தான், திரும்பப் போட்டான். கேபிளை மாற்றினான். இதற்கு மேல் ஒருவன் செய்ய ஒன்றுமில்லை.

ஒரு நீளக் கோடு போட்டு, இந்த இடத்தில் பார், தொய்ந்து கிடக்கிறது என்று காட்டினேன். குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

"யக்கா, எனக்கு நேராத்தான் தெரியுது."

அவன் வயசுக்கு எல்லாம் நேராகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். மானிட்டர்தான் கெட்டிருக்க வேண்டும். சாரிடம் சொன்னேன். வாங்கிரலாம் என்றார்.

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கணும். சர்க்கரையும் பார்த்து நாளாச்சு.

ஜூன் 18, புதன்

புது மானிட்டர். பெரிசு. கலர் அருமை.

கோடு நெளிகிறது.

சாரிடம் பிரமாதமாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் அடுப்படியில் தாளிக்கும்போது கடுகு தெறித்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன். எதிரே ஜன்னல். ஜன்னல் கம்பிகள் நடுவில் சேர்ந்து வளைந்திருந்தன, யாரோ உள்ளே வரப் பிடித்து வளைத்த மாதிரி. நடுவில் சாம்பலாக ஒரு திட்டு.

கையை மாற்றினேன். வலது கண்ணைப் பொத்தினேன். கம்பிகள் நேர்.

திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இவரிடம் சொல்லவில்லை. ஆபீஸ் போனேன். வேலை செய்தேன். என்ன வேலை செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 25, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

கொத்தனார் போன் செய்து உடனே வரச் சொன்னார். சாரும் நானும் குற்றாலம் போனோம். சீசன் கூட்டம், ரோடு நிறைய வேன், தலையில் துண்டு கட்டிக்கொண்டு எண்ணெய் வடிய நடக்கிற ஜனம். ஐந்தருவி ரோட்டு மனையில் அஸ்திவாரம் போட்டு, தூண்களைத் தரைக்கு மேல் எழுப்பியிருந்தார்கள். வாசலுக்கு வலது பக்கம் நிற்க வேண்டிய தூண், வாசலுக்குள் நிற்கிறது.

பிரிண்டை விரித்தார்கள். கொத்தனார் பேரில் பிழையில்லை. என் படத்தில்தான் தூண் அங்கே இருக்கிறது. சுவரின் நடுக்கோட்டைப் பிடிப்பதற்குப் பதில் பக்கத்துக் கதவுக் கோட்டைப் பிடித்திருக்கிறேன். கர்சர் கோட்டு முனையில் ஒட்டினால் பச்சைச் சதுரம் காட்டும். காட்டியது. எந்தக் கோட்டின் முனை என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் ரிட்டயர்டு கண்டக்டர். சர்வீஸ் முழுக்க வாடகை வீடு, இது முதல் சொந்த வீடு. அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"நடு வாசல்ல தூணு நிக்கே தாயி. எப்பிடி உள்ள போறது?"

சார் முந்திக்கொண்டார்.

"ஆச்சி, பிழை என்னோடது. நான் பாத்துத்தான கையெழுத்துப் போட்டேன். ஒடச்சு எடுத்துட்டு வேற நிறுத்தித் தாரேன்."

அவர் பார்க்கவில்லை. என் படம் என்றால் அவர் பார்ப்பதில்லை. இத்தனை வருஷமாக அப்படித்தான்.

திரும்பி வரும்போது சார்தான் கார் ஓட்டினார். வேணும்னு யாரும் செய்யுததில்ல லெட்சுமி என்றார் தென்காசி வந்த பிறகு. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 26, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்ட்டி, கொஞ்ச நாளா. சோத்துல கல்லு கெடக்கு. எடுத்து ஓரமா வச்சிட்டுத் திங்கேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ பயப்படுவ."

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒன்றையே ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அவர் தட்டை நானே கழுவினேன். ஓரத்தில் கல் இருந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தது.

திங்கள் திருநெல்வேலி. லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. காலையில் போய் உட்கார்ந்தது, சொட்டு மருந்து விட்டு விட்டு வெளிச்சமே கூசியது.

கண்ணைச் சோதிக்கிற பெண் ஒரு தாள் கொடுத்தாள். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஸ்கிரீனில் கிரிட் போட்டது மாதிரியே. புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கோடு எங்கே வளைகிறது என்று பென்சிலால் காட்டச் சொன்னாள் அந்தப் பெண். இடது கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன். மறுபடி கண்ணைத் திறந்து பார்த்தால் நேரான கட்டங்களுக்கு மேல் என் பென்சில் கோடுகள் கிறுக்கலாக. சின்னப்பிள்ளை கிறுக்கினது போல. என் கை அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா நல்லவர். சர்க்கரை எவ்வளவு நாளாக, மாத்திரை ஒழுங்காகவா என்று கேட்டார். ஒழுங்காக இல்லை. திட்டவில்லை. விழித்திரையில் ரத்தம் கசிந்து வலது கண்ணில் தழும்பாகிவிட்டதாம். இடதிலும் ஆரம்பம். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதாமாதம்.

நான் கேட்க நினைத்ததை இவர் கேட்டார், வலது கண் சரியாகுமா என்று.

"போனது திரும்பாதும்மா. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம்."

இவரைப் பார்த்துப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அது பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் பார்த்ததாலா என்றேன். அதனால் இல்லையாம். ஆனால் நுணுக்கமாகப் பார்க்கிற வேலை இனிச் சிரமம்.

பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணம் ஆன புதுசில்கூடப் பஸ்ஸில் பிடித்ததில்லை.

ஜூலை 2, புதன்

சாரிடம் சொன்னேன். முதலில் அந்த மானிட்டரைப் பார்த்தார். பிறகு, என்னட்ட ஏன் சொல்லல என்றார், பஷீரை வரவழைத்ததற்குப் பதில் ஆஸ்பத்திரி போயிருக்கலாமே என்று. வாஸ்தவம்.

தூணை உடைத்து எடுத்துவிட்டார்களாம். வேறு நிறுத்தியாச்சு.

ஜூலை 14, திங்கள்

ஊசி போட்டாச்சு. எழுதும்படி ஒன்றுமில்லை. மரத்துப் போகச் சொட்டு விட்டார்கள், வலி இல்லை. ஊசி வருவது தெரிகிறது, அதுதான். வீட்டில் படுத்திருக்கிறேன். மழை.

ஜூலை 22, செவ்வாய்

ஆபீஸ். கண்ணுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் மாற்றினேன்:
– கர்சர் கோடு ஸ்கிரீன் முழுக்க நீளும்படி.
– கர்சர் கோட்டைப் பிடிக்கிற கட்டம் பெரிசு.
– ஸ்கிரீன் கறுப்பு, சுவர் மஞ்சள். சிவப்பு வேண்டாம், சிவப்பு கரைந்துவிடுகிறது.
– கோட்டின் தடிமன் காட்டும் பட்டனை ஆன்.
– புள்ளியைக் கண்ணால் தேடாமல் அளவை டைப் அடித்துப் போவது. இது ஒன்று உதவுகிறது. எண் ஏமாற்றுவதில்லை.

ஒரு பாத்ரூம் போட மதியம் வரை ஆயிற்று. முன்னெல்லாம் போன் பேசிக்கொண்டே போடுவேன்.

சாப்பிடப் போகும்போது கதவு உள்பக்கமாகத் திறந்து கமோடில் இடிப்பது போலப் போட்டிருந்தேன் போல. சாப்பிட்டு வந்து பார்த்தால் கதவு வெளிப்பக்கம். சார் தன் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மாற்றியது அவர்தான்.

கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு.

சாயங்காலம் நானே சொன்னேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று. சும்மா வந்து இருந்துட்டுப் போயேன் லெட்சுமி என்றார். சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். புதுப் பெண் ஷீபா, ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாளாம். வேகமாக வேலை செய்கிறாள். என்னைவிட வேகம். படம் சுத்தம். குறை கண்டுபிடிக்க ஆசையாக இருந்தது, கிடைக்கவில்லை.

என் நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். போர்டு படிக்க முடியவில்லை, கண்டக்டர் கூப்பிட்ட சத்தத்தை வைத்து ஏறினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை விட்டு வெயில். பீன்ஸ் நறுக்கினேன், மெதுவாக, கண் பாதி கை பாதி. இவர் வடகரைக்குத் தேங்காய் ஏற்றப் போயிருக்கிறார். கல் பொறுக்கிய அரிசியைக் காலையிலேயே அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், சொல்லாமல்.

பதினொரு மணி வாக்கில் ஷீபா போன். முதலில், ஒரு பழைய ஃபைல் திறக்கவே நேரமாகிறது என்றாள். பர்ஜ் அடி, வேண்டாத குப்பையெல்லாம் போய்விடும் என்றேன். அடித்தாள். சரியாகிவிட்டது. அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. பிளானுக்குக் கீழ 'வரைந்தவர்'னு ஒங்க பேரு வருது. சார் மாத்தச் சொல்லுதாங்க. தொட்டா எடிட் ஆக மாட்டேங்கு."

யாரும் தெரியாமல் நகர்த்திவிடக் கூடாதென்று அந்தப் பெயர் இருக்கும் அடுக்கை, லேயரை, பூட்டி வைத்தது நான்தான். அவளுக்குச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு, ஸ்கிரீன் அப்படியே உள்ளே தெரிந்தது:

"லேயர் லிஸ்ட்டத் தொற. டைட்டில்னு ஒண்ணு இருக்கும், பக்கத்துல பூட்டுப் படம். அதத் தொடு."

"தொறந்துட்டு."

"இப்ப பேருல ரெண்டு தடவ கிளிக். என்னோடத அழிச்சிட்டு ஒன்னோடத அடி."

கீபோர்டு சத்தம் கேட்டது. நின்றது.

"இந்த ஃபைல்ல மட்டும் மாத்துனா போதுமா அக்கா?"

போதாது என்றேன். எல்லாப் படமும் தொடங்குகிற டெம்ப்ளேட்டிலும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் இனி அவள் போடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே என் பெயர் வந்துகொண்டே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று வழி சொன்னேன். திறந்தாள். மாற்றினாள். மாத்திட்டேன் அக்கா என்றாள், மெல்ல.

சேவ் பண்ணு என்றேன்.