நாற்பத்து மூன்றாவது மனு

மகாபலிபுரம் காலனி,
12.1.2006

கர்த்தருடைய கிருபையால் மெட்ராஸ் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் சுகமாக இருக்கும் ஷாரோன் அப்பாவுக்கு, ரெபேக்காள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. எழுதிவிட்டேன்.

செல் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்பீர்கள். உங்கள் செல்லை எடுப்பது பி.ஏ. அருணகிரி. ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், விஷயத்தைச் சொல்லுங்கம்மா, குறித்துக்கொள்கிறேன் என்கிறார். பெண்டாட்டி பேச்சைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள்! நீங்கள் பட்டாளத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் நாம் குடும்பம் நடத்தியதே லெட்டரில்தான். எனக்கு இதுதான் சரிப்படும்.

பொங்கலுக்குத் துணி எடுத்துக்கொண்டு ஷாரோன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்துவிட்டுப் போனாள். பேரன் நன்றாக நடக்கிறான். தாத்தா எங்கே என்று கேட்டால் சுவரில் ஒட்டிய உங்கள் போஸ்டரைக் காட்டுகிறான். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் இல்லாவிட்டாலும் காலை ஆறு மணிக்கு வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நீங்கள் பழக்கியபடி வரிசையாகத்தான் நிற்கிறார்கள். மனுவையாவது வாங்கி வையுங்கம்மா என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டீ போட்டுப் போட்டு எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மனுக்கள் பீரோ மேல் கிடக்கின்றன.

நீங்கள் சுபேதாராக பென்ஷன் வாங்கி வந்து, தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தலைவராகி, இரண்டாயிரத்தொன்றில் எம்.எல்.ஏ. ஆனபோதும் இந்த வரிசையை விடவில்லை. எலுமிச்சம்பழத்தோடு வந்த பெரிய மனிதரையும் பின்னால் போய் நில்லுங்கள் என்றீர்கள். ஒரு விசில், ஒரு நோட்டு. பேர் என்ன, அப்பா பேர் என்ன, ஊர் எது, குறை என்ன. அந்த நாலு கேள்விக்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஜவான்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சுபேதார் தட்டை எடுக்க வேண்டும், அதுதான் பட்டாளத்து முறை என்று மேடைக்கு மேடை சொல்வீர்கள். கை தட்டுவார்கள். அந்த முறைப்படி எது வந்தாலும் உங்கள் சொந்தக் காலனிக்குக் கடைசி. தெருவிளக்கு கடைசி, அடிபம்பு கடைசி. தாவீது கறார் பேர்வழி என்று நம் சனங்களுக்கு அதில் பெருமைகூட இருந்தது. லேட்டானாலும் வந்து சேர்ந்ததே, அதனால்.

சுனாமி வீடு அப்படி வந்து சேரவில்லை. குப்பத்தில் உயிர்களே போயின. அவர்களை லிஸ்டில் முதலில் எழுதியதை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கால்வாய் வழியாக ஏறிய தண்ணீரில் நம் காலனியிலும் முப்பத்தொரு மண்வீடு விழுந்ததே! குப்பத்துக்கு அடுத்து நம்மை எழுதியிருக்கலாம். சேதம் குறைந்த ஊர்களையெல்லாம் மேலே எழுதி, சொந்த ஊர் என்பதால் நம்மை அடியில் வைத்தீர்கள். நம் முறை வரும்போது வீடுகள் தீர்ந்துவிட்டன. நமக்கென்ன, காங்கிரீட் வீடு, நின்றது. சுபேதார் தான் பட்டினி கிடந்தால் அது பெருமை. ஊரைப் பட்டினி போட்டுவிட்டுப் பெருமைப்பட்டால் அதற்கு என்ன பெயர், நீங்களே சொல்லுங்கள்.

விழுந்ததில் உங்கள் அக்கா செல்லம்மா அண்ணியின் வீடும் ஒன்று. ஒரு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில்தான் இருக்கிறார்கள். நம் வீட்டுக்கு வாருங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டேன். மற்ற முப்பது வீட்டுக்காரர்களையும் கூப்பிடு, அவர்களோடு வருகிறேன் என்றார்கள். வீம்பில் அக்காளும் தம்பியும் ஒன்றுதான். இந்த மழையில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஈரத்தரையில் இன்னொரு மழைக்காலம் படுத்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவும் அலுப்பாக இருக்கிறது. அன்றைக்கு அண்ணி வரிசையில் வந்து நின்றார்கள். நாற்பத்து மூன்றாவது ஆள். நான் டீ தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். நீங்கள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேர் கேட்டீர்கள், செல்லம்மா என்றார்கள். அப்பா பேர் கேட்டீர்கள். எல்லப்பன் என்றார்கள். எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பேரை எழுதும்போது உங்கள் கை நின்றதை நான் பார்த்தேன். நின்ற கை மறுபடி எழுதியதையும் பார்த்தேன். அண்ணி டீகூடக் குடிக்காமல் போனார்கள். அன்று கிளம்பிய நீங்கள் கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. வெட்கப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அருணகிரிக்குத்தான் தெரியாது, மீட்டிங் என்கிறார்.

நம் கல்யாணமான புதிதில் நீங்கள் லீவில் வருவீர்கள். அண்ணி உங்களுக்கும் எனக்கும் சோறு போட்டுவிட்டு, அடுப்படியில் பானையை வழித்துத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார்கள். தாயில்லாத உங்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டாளம் சொல்லிக்கொடுத்தது?

அடுத்த எலெக்‌ஷனுக்கு விருப்ப மனு கொடுக்கப் போகிறீர்கள் என்று கட்சி ஆட்கள் வந்து சொன்னார்கள். காலனிப் பெண்களைக் கூட்டிப் பேசச் சொன்னார்கள். என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் நில்லுங்கள், நிற்காமல் போங்கள், எனக்கு எல்லாம் ஓய்ந்துவிட்டது. அடுத்த மழைக்குள் அந்த முப்பத்தொரு வீட்டுக்கு ஒரு வழி செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை வந்து அண்ணி முகத்தைப் பாருங்கள். வருகிற இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, கொடி கட்டிய கார் வேண்டாம், பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வாருங்கள்.

நேற்று அண்ணியிடம் மெல்லக் கேட்டேன், தம்பி வந்தால் என்ன சொல்வீர்கள் என்று. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்கள்: “வரட்டும். ஓட்டு கேக்க வந்தாலும் சரி, சும்மா வந்தாலும் சரி. அவன் அப்பன் பேரு இன்னான்னு நான் கேக்கமாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள்தான் சமைக்கிறார்கள். அன்று ஒரு நாள் நீங்கள் முதலில் சாப்பிடுங்கள், நாங்கள் அப்புறம் உட்காருகிறோம். கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
எல்லப்பன் மருமகள்
ரெபேக்காள்