பெஞ்சில் இரண்டாவது இடம்

04.07.2025, வெள்ளி
முழங்காலுக்கு எண்ணெய் தடவினேன், பயனில்லை. நேற்று உதைபந்தாட்டத்தில் காத்தான்குடி அணியிடம் தோற்றோம். தொடர்ந்து மூன்றாவது தோல்வி. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிற்பகலில் விழுந்துவிடும், அவர்களுடைய நீண்ட உதைகள் பாதியில் இறங்கும், பின்வரிசையை முன்னே ஏற்றலாம் என்று இடைவேளையில் மனேஜர் றுமைஸின் காதில் சொன்னேன். அவர் வீரர்களிடம் கத்திச் சொன்னார். காற்று விழவேயில்லை. புவியியல் படிப்பித்தவன் நான்!

பார்ப்பது நான், கத்துவது அவர் என்பதுதான் எங்கள் முறை. அப்படித்தான் இரண்டு தடவை கிண்ணம் வென்றோம். கோல் காத்த காலத்தில் எனக்கும் குரல் இருந்தது. கையுறையைக் கழற்றியதோடு அதுவும் போயிற்று.

06.07
கழகத் தலைவர் முஹம்மட் ஹாஜியார் வீட்டுக்கு அழைத்திருந்தார். “றுமைஸோட சரிவராது சேர். கிண்ணமெல்லாம் ஒங்கட மூளைதானே. இனி நீங்கதான் மனேஜர்.”

அவரில்லாமல் நான் எதற்கும் உதவமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். வாயில் பிஸ்கட். தலையை ஆட்டினேன். கேட்டுக்கொண்டேன் என்றுதான் ஆட்டினேன்.

“சேர் ஓமெண்டுட்டார்!”

எல்லாரும் கைகொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

07.07
றுமைஸிடம் சொல்லவில்லை. நாளை.

08.07
இன்றும் இல்லை. ஸஹீதா பொறுக்காமல், “நம்மட ஊட்டுல எத்தின நாள் சோறு திண்ட மனிசன். ஃபோன எடுங்க” என்றாள். எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். மனைவிக்கு முன்னால் கூட வெட்கமாக இருந்தது.

09.07
றுமைஸ் வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. கோபத்திலும் என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிட்டார்.

“சந்தியில பழம் விக்கிறவன் செல்லித்தான் எனக்குத் தெரியும், காக்கா.”

“நான் கேக்கல்ல, றுமைஸ்.”

“கேக்கல்லதான். வேணாமெண்டும் செல்லல்லயே.”

போய்விட்டார். என்ன மனிசன் நான்? ஒரு சொல் — ஒரே ஒரு சொல் செல்ல ஏலாதா?

20.07, ஞாயிறு
மனேஜராக முதல் ஆட்டம். நம் இடது பக்கம் திறந்து கிடந்தது. வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பி, தணிந்த குரலில் சொன்னேன். தண்ணீர்ப் போத்தல் கொடுக்கும் றிஸ்லான் விழித்தான். “எனக்கென்னத்துக்கு செல்றீங்க, சேர்?”

நானே எழுந்து கத்தினேன். தொண்டை கீச்சிட்டது. எதிரணி ஆட்கள் சிரித்தார்கள். அதற்குள் பந்து நம் வலையில்.

ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஹாஜியாருக்குத் திருப்தி. எனக்கு உடம்பெல்லாம் வலி.

03.08
றுமைஸை ஓட்டமாவடிக் கழகம் எடுத்துவிட்டதாம். அவர்கள்தான் எங்களுக்கு நெடுநாள் எதிரி.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஹாஜியாரிடம் போனேன். போகும் வழியெல்லாம் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

“எனக்கு ஏலாது, ஹாஜியார்.”

“இதென்ன கூத்து? அண்டைக்கு ஓமெண்டீங்க.”

“ஓமெண்டல்ல. தலையத்தான் ஆட்டினன்.”

சிரித்தார். பிறகு முகம் மாறியது. “அவனுக்கிட்டயா போகப் போறீங்க? ஊரு என்ன பேசும்?”

ஊர் பேசும்தான். “அவர் ஏத்துக்கிட்டா, ஓம்” என்றேன். இந்தத் தடவை தொண்டை கீச்சிடவில்லை.

10.08
ஓட்டமாவடிக் கழகத்தின் ஆட்டத்துக்கு பஸ்ஸில் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

சலாம் சொன்னேன். றுமைஸ் பதில் சொன்னார், முகம் பார்க்கவில்லை. போகவும் சொல்லவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். முதற்பாதி முழுக்க இருவரும் பந்தையே பார்த்தோம்.

இரண்டாம் பாதியில் றுமைஸின் அணியில் வலப்பக்கப் பின்வரிசைக்காரர் பஹ்மி இடுப்பில் கைவைத்து நிற்கத் தொடங்கினார். எனக்கென்ன என்று இருந்து பார்த்தேன். முடியவில்லை.

“வலப்பக்கத்தவர் களைச்சிட்டார்” என்றேன், புல்லைப் பார்த்தபடி.

பிழையாகச் சொல்லிவிட்டேனோ? எழுந்து போய்விடவா?

றுமைஸ் எழுந்தார். “பஹ்மி! களைச்சா கைய உயத்துடா! என்ன, ஊட்டுல மாப்பிள்ளையா நிக்கிறாய்?”

மைதானம் முழுக்கச் சிரித்தது. பஹ்மியை மாற்றினார். திரும்ப வந்து உட்கார்ந்தவர், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“பஸ்ஸுக்கு நிக்காதீங்க, காக்கா. நான் கொண்டு வந்து உடுறன்.”