காரணம் என்ற கட்டத்தில் உங்கள் பெயர்

என் அன்பு அத்தானுக்கு,

சாயங்காலம் கேரேஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இன்னும் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுகிறேன். சத்தம் பக்கத்து வீட்டில். கல் காயும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன், பிறகு அணைத்துவிடுவேன். அழுகை வரவில்லை. வரும், வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் காத்துப் பார்த்தேன்.

இங்கே தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். நீங்கள் நெஞ்சுவலியில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்று உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். சங்கத்து அங்கிள் போன் பண்ணினார். "நாலு வரி எழுதிக் குடும்மா, மிச்சத்த நாங்க அழகா பண்ணிக்கிறோம்" என்றார். ஒன்பதாம் வகுப்பில் நின்றவள் நான். அழகு பண்ண வேண்டாம், எழுதினதை எழுதினபடி போடுங்கள் என்று அவரையும் இதிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. முன்பக்கத்துப் புல் வளர்ந்துவிட்டது என்று நோட்டீஸ் வந்தது, ஆள் வைத்து வெட்டினேன். நம் வீட்டு வரிசையை மற்றவர்கள் 'எங்க கம்யூனிட்டி' என்பார்கள். நீங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, "இதும் காலனிதாம்ட்டி, நீச்சல்குளம் வச்ச காலனி" என்று சிரிப்பீர்கள். வெளியே அந்த 'ட்டி' வராது. வெளியே உங்கள் பேச்சே வேறு. நான் இப்போதும் டேகேருக்கு வேலைக்குப் போகிறேன். பிள்ளைகளுக்குப் பால் சூடு பண்ணுகிறேன், டயப்பர் மாற்றுகிறேன், திரும்பி வருகிறேன். இந்தக் கேட்டி ஊரில் எப்போதும் போல வெயில்.

இனி நம் இனியா. எட்டாவதில் இருக்கிறாள். அவளால்தான் இந்தக் கடிதம்.

அவள் வகுப்பில் இப்போது இந்த நாட்டு உள்நாட்டுப் போர் நடக்கிறது. வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டது. ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பதுதான் பாடம். அதற்கு ஒரே பதில் கிடையாதாம், அத்தான். வரி என்கிறார்கள், மாநிலத்து உரிமை என்கிறார்கள், ஒரு பக்கம் பண்ணை, மறுபக்கம் ஆலை என்கிறார்கள். ஒரு பையன், எங்க தாத்தா அதெல்லாம் உரிமைப் பிரச்சினை என்று சொன்னார் என எழுந்து நின்று சொன்னானாம். மிஸ் அவனைத் திட்டவில்லை. தான் சின்ன வயதில் படித்த பழைய பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டியிருக்கிறார். அதில் தளபதிகள் பெயர், பருத்தி விலை, வரைபடம் எல்லாம் இருந்ததாம். தெற்கில் பருத்தி நிறைய விளைந்தது என்று இருந்ததாம்.

"யார் விளைய வச்சாங்கன்னு அதுல இல்லம்மா. அடிமைங்க பத்தி லாஸ்ட்ல ஒரே ஒரு லைன்" என்றாள். யாராவது காரணம் என்று ஒன்றைச் சொன்னால், அதில் எந்த ஆளைக் காணோம் என்று முதலில் பாருங்கள் என்றாராம் மிஸ்.

அவள் பாதிக்கு மேல் இங்கிலீஷில்தான் பேசினாள். எனக்கு விளங்கினதை என் பேச்சில் எழுதுகிறேன்.

அதோடு விட்டிருந்தால் சரி. ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது ஊரே இரண்டாகப் போன சண்டையைப் பார்த்திருந்தால் அவர்களிடம் கேளுங்கள், அது ஏன் வந்தது என்று எழுதி வந்து வாசியுங்கள் என்று. தாளில் இரண்டு கட்டம். ஒன்று காரணம், மற்றது அதனால் நடந்தது.

"எனக்கென்ன தெரியும்? உன் க்ளாஸ் மீராவோட அம்மாகிட்ட கேளு. அவங்க படிச்சவங்க" என்றேன்.

"அது மீரா ஃபேமிலிம்மா. எனக்கு என் ஃபேமிலி வேணும்."

அரிசி உலையில் கிடந்தது. கிளறிக்கொண்டே சொன்னேன். "எங்க ஊர்ல ஒரு சண்ட வந்துச்சு. பஸ்ல சீட்டுக்காக. அது பெருசாப் போச்சு. வீடெல்லாம் எரிஞ்சுது. உங்க தாத்தா அதுலதான் போனாரு. அப்புறம் நான் ஸ்கூலுக்குப் போகல."

தாத்தா தீ விபத்தில் இறந்ததாகத்தானே நாம் சொல்லி வைத்திருந்தோம்? அவள் பென்சிலைக் கையில் எடுத்தாள். பிறகு, "சீட்ல உட்கார்ந்தது யாரு?" என்றாள்.

"உங்கப்பா" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"அப்பாவா? நம்ம அப்பாவா?" அவளுக்குச் சிரிப்பு. "ஸ்டோர் லைன்ல எல்லாரையும் 'யூ கோ, யூ கோ'ன்னு முன்னாடி விடுவாரே, அந்த அப்பாவா சீட்டுக்குச் சண்ட போட்டாரு?"

நான் கஞ்சி வடிக்கப் போனேன். வந்து பார்க்கிறேன், எழுதி முடித்திருந்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் முதல் கட்டத்தில் அப்பா என்று இருந்தது தெரிந்தது. இரண்டாவது கட்டத்தில் தாத்தா. நடுவில் ஒரு அம்புக்குறி போட்டு, அதற்குக் கலரும் அடித்திருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சொன்னது அவ்வளவுதான். ஊரும் அவ்வளவுதான் சொன்னது. விசாரணைக்கு வந்த அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "முதல்ல யாரு ஆரம்பிச்சது?" என்று கேட்டபோது எல்லாக் கையும் உங்களைத்தானே காட்டியது? பேப்பரில், பேருந்தில் இடம் பிடிப்பதில் தகராறு, இரு தரப்பினர் மோதல் என்று வந்தது. வீடுகள் எரிந்தன என்று வந்தது. கொளுத்தினவர்கள் அதில் இல்லை. எங்கள் தெருவும் இல்லை.

நம் கல்யாணத்தன்று, எல்லாரும் போன பிறகு, நீங்கள் முதலில் பேசினதே அதைத்தான். "நான் எந்திரிச்சிருந்தா மாமா இருந்திருப்பாருட்டி." இனியா பிறந்து அவளைக் கையில் வாங்கினபோதும் அதையேதான் சொன்னீர்கள். என் அப்பா உங்களுக்குத் தாய்மாமன். என்னைக் கட்டிக்கொண்டது எனக்காகவா, அவருக்காகவா? நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஏர்போர்ட் பார்க்கிங் பஸ்ஸில் இடமெல்லாம் காலியாகக் கிடக்கும். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். இனியா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். அப்பாவுக்கு முதுகு வலி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இத அழி" என்றேன்.

"ஏன்? நீதானே சொன்ன?"

"அழின்னா அழிடி."

நான் அவளை 'டி' போட்டதில்லை. பயந்துபோய்ப் பார்த்தாள். ஆனால் அழிக்கவில்லை. உங்கள் மகள்தானே? பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அந்த சீட் காலியாதானே இருந்துச்சு?" என்றாள்.

"ஆமா."

"காலி சீட்ல உட்கார்ந்தா எதுக்குச் சண்ட?"

எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை, அத்தான். எங்களுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. விசாரிக்க வந்தவருக்கும் தெரியும், அதனால் கேட்கவில்லை. இவளுக்குத் தெரியாது.

நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இங்க வந்தும் அந்தக் கருமத்த அவ தலையில ஏத்தணுமா? நம்மளோட போகட்டும்ட்டி" என்றீர்கள். நானும் சரி என்றேன். அதற்காக எவ்வளவு பாடுபட்டீர்கள்! ஊர் எது என்று கேட்டால் திருநெல்வேலி டவுன் என்பீர்கள். டவுனில் எங்கே என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பாத்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்து போவீர்கள். சங்கத்துப் பாட்லக் விருந்துக்கு நான் கறி கொண்டுபோகக் கூடாது, தயிர்சாதம்தான். நீங்கள் போன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே சங்கத்து அங்கிள், "உங்க பக்கம் எப்படிம்மா, எரிக்கிறதா புதைக்கிறதா?" என்று கேட்டார். நம் சனத்தில் புதைப்பதுதான். ஆனால் நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தீர்கள். எரிச்சிரு, கேள்வி வராது என்று. எரித்தேன். கேள்வி வரவில்லை.

அவர் நல்லவர். உதவிக்குத்தான் கேட்டார். இதைப் படிக்கும்போது அவருக்கு வருத்தமாக இருக்கலாம்.

இனியாவிடம் சொன்னேன். அந்தப் பஸ்ஸில் நம் ஆட்கள் உட்காரக் கூடாது, இடம் இருந்தாலும் நின்றுதான் வர வேண்டும் என்றேன்.

"நம்ம ஆளுங்கன்னா?"

அதற்குப் பதில் சொல்லப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். நம் தெரு ஏன் ஊருக்கு வெளியே இருந்தது, கடையில் காசை ஏன் கையில் வாங்க மாட்டார்கள், என் அப்பா ஏன் தன்னைவிடச் சின்னப் பையன்களை 'ஐயா' என்றார், எல்லாம். நீங்கள் பாலிடெக்னிக் முடிந்து வந்த அன்று கால் வலித்ததால் உட்கார்ந்தீர்கள் என்றும் சொன்னேன். யாரையும் எதிர்க்க நினைத்து உட்காரவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான். சாதம் ஆறிப்போனது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. சொல்லும்போது என் குரல், டேகேரில் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கினது என்று அம்மாக்களிடம் ஒப்பிப்பேனே, அது மாதிரி இருந்தது.

"இங்கயும் பஸ்ல ப்ளாக் பீப்பிளுக்கு இப்படி நடந்திருக்கும்மா. எங்க புக்ல இருக்கு" என்றாள். எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே? நீங்கள் படித்தவர். தெரிந்துமா நின்றுகொண்டே வந்தீர்கள்?

பிறகு கேட்டாள், "அப்பா ஏன் எங்கிட்ட சொல்லல? நான் வேற மாதிரி பார்ப்பேன்னு நினைச்சாரா?"

இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சாதத்தை எடுத்து மைக்ரோவேவில் வைத்தேன்.

எனக்கு ஒரு பயம் மட்டும் இருந்தது. "க்ளாஸ்ல மீராவும் இருப்பா. அவ வீட்ல போய்ச் சொல்லுவா. சங்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றேன்.

"தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? பர்த்டேக்குக் கூப்பிட மாட்டாங்களா?"

"கூப்பிடுவாங்க. தட்டு மட்டும் வேற குடுப்பாங்க."

"எல்லாருக்கும் பேப்பர் ப்ளேட்தானேம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். நீங்கள் போன பிறகு முதல் தடவை. அவளும் சிரித்தாள். பிறகு அவள் முகம் கோணிப்போய், மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் வரவில்லை.

தாளைக் கிழித்துவிட்டு அவள் வேறு தாளில் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். "ஃப்ரைடே வந்து கேளு. பேரன்ட்ஸ் வரலாம்" என்றாள். கட்டத்தில் எழுத்துக்கூட்டித் தேடினேன். உங்கள் பெயர் அங்கே இல்லை.

டேகேரில் லீவு சொல்லிவிட்டேன். மீராவின் அம்மாவும் வருகிறாராம். என்னைத் தன் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார், சரி என்றிருக்கிறேன். திரும்பி வரும்போது என்ன பேசிக்கொண்டு வருவோம் என்று தெரியவில்லை. பேசாமலும் வரலாம். பயமாக இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது.

சொல்லாதே என்று நீங்கள் சொன்னதை மீறிவிட்டேன். அவளிடம் மட்டும் என்றால் வீட்டோடு போயிருக்கும். இப்போது மலரிலும் எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். உயிரோடு இருக்கும்போது என்மேல் கோபப்பட உங்களுக்குத் தெரியவில்லை, இப்போதாவது படுங்கள்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், அத்தான். இங்கே என்றாலும் ஊரில் என்றாலும், யார் கேட்டாலும், என் அப்பா சாவுக்குக் காரணம் என்று உங்கள் பெயரைச் சொல்ல இனி ஒருத்தரையும் விடமாட்டேன். உங்களையும் சேர்த்துத்தான். செத்தது என் அப்பா. அதைச் சொல்லும் பாத்தியதை என்னுடையது. நீங்கள் எந்திரிக்காதது சரிதான்.

இப்படிக்கு,
உங்கள் தாய்மாமன் மகள்,
செல்லத்தாய்